அரசன் பாடிய வள்ளல்

புலவர் பாடுவார், வேந்தர் கொடுப்பார். சங்க காலம் தொட்டுத் தமிழில் இதுதான் நடைமுறை. திருத்தணியில் உள்ள ஒரு கல்வெட்டில் இந்த நடைமுறை தலைகீழாகிக் கிடக்கிறது. முருகனைப் பார்க்க மலையேறுகிறவர்களில் பெரும்பாலோர் கீழே இருக்கும் வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் போவதில்லை. சிறிய கற்றளி, யானையின் பின்புறம்போல வளைந்த விமானம். சிற்ப நூலார் இதைத் தூங்கானை மாடம் என்பார்கள். பல்லவ அரசன் அபராஜிதவர்மனின் 18ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இங்கே இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலம். கோயிலைக் கருங்கல்லால் எடுப்பித்தவர் நம்பி அப்பி என்பவர். அவரைப் போற்றி ஒரு தமிழ் வெண்பா வெட்டப்பட்டிருக்கிறது. வெண்பாவின் கீழே, அதைப் பாடியவர் பெருமானடிகளே என்று ஒரு குறிப்பு. பெருமானடிகள் என்றால் அரசர்.

ஒரு குடிமகனின் கொடையைப் பாராட்டி அரசன் வெண்பா பாடினான் என்பதை இன்று படிக்கும்போது இனிய செய்தியாகக் கடந்துவிடலாம். அதன் விசித்திரம் புரிய வேண்டுமானால், கொடை என்ற குணம் ஒருகாலத்தில் யாருடைய உடைமையாக இருந்தது என்று பார்க்க வேண்டும். அதற்கு நல்ல துணை, நமக்கு முற்றிலும் அந்நியமான ஐரிஷ் மொழியின் ஓர் உரிச்சொல்.

ஃப்ளாஹூலக் என்று அதை ஏறக்குறைய உச்சரிக்கலாம். கடைசி எழுத்து தொண்டையில் உரசி வரும். கைநிறையக் கொடுக்கிற, கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிற என்று பொருள். இதன் வேர் ஃப்ளா. ஐரிஷில் அது தலைவன், கோமகன், ஆட்சி என்றெல்லாம் பொருள்படும். வெல்ஷ் மொழியில் நாட்டைக் குறிக்கும் சொல்லும், ஸ்லாவிய மொழிகளில் ஆளுதலைக் குறிக்கும் சொல்லும் இதன் ஒன்றுவிட்ட உறவுகள். விளாதிமிர் என்ற பெயரில் இருக்கும் ‘விளாத்’ அதே குடும்பம்தான். ஓ ஃப்ளாஹெர்ட்டி என்ற ஐரிஷ் குடிப்பெயருக்குள்ளும் இந்தக் கோமகன் உட்கார்ந்திருக்கிறான். ஆக, தாராளமானவன் என்று சொல்ல வந்த ஐரிஷ்காரன் கோமகனைப் போன்றவன் என்று சொல்லியிருக்கிறான். தலைவன் கொடுப்பான், கொடுப்பவன் தலைவன். இரண்டையும் பிரித்துப் பேச அந்த மொழிக்கு அவசியம் இருக்கவில்லை.

இது சொல்லளவில் நின்ற சங்கதி அல்ல. பழைய அயர்லாந்தில் விருந்தளிக்கத் தவறிய அரசன் அரசனாகவே நீடிக்க முடியாது என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. மாய்துரா போர்க் கதையில் பிரெஸ் என்றொரு அரசன் வருகிறான். அவனிடம் கார்ப்ரே என்ற புலவர் போகிறார். இருட்டான ஒடுக்கமான குடிசையில், நெருப்பும் படுக்கையும் இல்லாமல் அவரைத் தங்கவைக்கிறார்கள். ஒரு சிறு தட்டில் காய்ந்துபோன மூன்று சின்ன அப்பங்கள் வருகின்றன. காலையில் எழுந்த புலவர் நன்றி சொல்லவில்லை, வசை பாடினார். அயர்லாந்தில் பாடப்பட்ட முதல் வசைப்பாட்டு அதுதான் என்கிறது கதை. அன்றோடு பிரெஸின் ஆட்சி தேயத் தொடங்கியது.

இந்தக் கதையை 1891இல் பதிப்பித்து மொழிபெயர்த்தவர் விட்லி ஸ்டோக்ஸ். டப்ளினில் பிறந்தவர், 1862இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்து வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர், பின்னர் வைசிராய் அவையில் சட்ட உறுப்பினராக உயர்ந்தவர். பகலில் இந்தியச் சட்டங்களை வரைந்துகொண்டே பழைய ஐரிஷ் ஏடுகளை ஆராய்ந்துவந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லும் பிறப்பால் அயர்லாந்துக்காரர்தான், ஆன்ட்ரிம் பகுதியில் 1814இல் பிறந்தவர். ஸ்டோக்ஸ் சென்னையில் இருந்த நாட்களில் யாராவது அவருக்குப் பெருஞ்சித்திரனார் கதையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அந்தக் கதை இருக்கும் புறநானூறு அன்று அச்சேறியிருக்கவில்லை, உ.வே.சா. பதிப்பு 1894இல்தான் வந்தது.

அந்தக் கதை நமக்குத் தெரிந்ததுதான். வெளிமான் என்ற தலைவனிடம் போகிறார் புலவர். அவன் துயிலும் நேரம். தம்பி இளவெளிமானைப் பரிசளிக்கச் சொல்கிறான். தம்பி ஏதோ கொஞ்சம் கொடுக்கிறான். புலவர் அதைத் தொடாமல் வள்ளல் குமணனிடம் போய் யானையைப் பரிசிலாகப் பெறுகிறார். பெற்ற யானையோடு நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இளவெளிமானின் ஊருக்குத் திரும்பி வந்து அவனுடைய காவல் மரத்தில் யானையைக் கட்டிவிட்டுப் பாடுகிறார். காவல் மரம் என்பது அரசுரிமையின் அடையாளம். பகைவன் வெட்டினால் தோல்வி என்று பொருள். புலவர் வெட்டவில்லை, யானையைக் கட்டினார். பிரெஸுக்குக் கிடைத்த வசைக்கும் இதற்கும் எடையில் வித்தியாசம் இல்லை. கொடுக்கத் தெரியாதவனுக்கு ஆளும் தகுதியும் இல்லை என்பதை இரண்டு புலவர்களும் தத்தம் வழியில் ஊரறியச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் இரண்டு மண்ணும் ஒரே பயிரை விளைவித்தன என்று சொல்லி முடித்துவிடக் கூடாது. ஒப்பீடுகளில் உள்ள அபாயமே அதுதான். தமிழில் வேள் என்ற சொல் சிற்றரசரைக் குறித்தது. வேள்பாரி, ஆய், பேகன் முதலானோரும் வேளிராகவே பேசப்படுகிறார்கள். முருகனுக்கும் அதுவே பெயர்: வேள், செவ்வேள். வேளாண்மை என்ற சொல்லை வள்ளுவர் விருந்தோம்பலிலும் (குறள் 81) ஒப்புரவறிதலிலும் (குறள் 212) பிறருக்கு உதவுதல் என்ற பொருளில் ஆள்கிறார். வேளின் தன்மையே வேளாண்மை என்று வைத்துக்கொண்டால் ஐரிஷ் உரிச்சொல்லின் அச்சு அசலான தமிழ் உருவம் கிடைத்துவிடும். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வேள் என்பதற்கு விரும்புதல், வேள்வி செய்தல், மணம் புரிதல் என்ற பொருள்களும் உண்டு. வேளாண்மை எந்தக் கிளையிலிருந்து முளைத்தது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. தலைவனுக்கு உரிய பெயரும் கொடைக்கு உரிய பெயரும் ஓசையில் ஒட்டிக்கொண்டே நடந்தன என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. நம் காலத்தில் வேளாண்மை பயிர்த்தொழிலுக்கு ஆகிவந்துவிட்டது. அரசாங்கத்தில் அதற்கொரு துறையே இருக்கிறது, விருந்துக்கு இல்லை.

இப்போது திருத்தணிக் கல்லுக்குத் திரும்பினால் அதன் விசித்திரம் துலங்கும். பல்லவர்கள் தாமே கட்டுவித்த மரபினர். மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் எடுத்ததைப் பெருமையோடு கல்லில் பொறித்துவைத்தான். இராஜசிம்மன் காஞ்சிக் கைலாசநாதர் கோயில் முழுக்கத் தன் விருதுப் பெயர்களை வரிவரியாகச் செதுக்கினான். கொடுத்தவன், கட்டியவன், புகழப்படுபவன் மூவரும் அங்கே ஒருவர். சமஸ்கிருதத்தில் அந்தப் புகழைச் செதுக்கியவர்கள் அரசனின் ஆட்கள். அபராஜிதன் காலத்துக்கு வரும்போது கட்டுகிறவர் நம்பி அப்பி. புகழ்கிறவர் அரசர். புகழும் மொழி தமிழ், யாப்பு வெண்பா.

அபராஜிதனிடம் கொடுக்க வேறு ஒன்றும் இல்லை, அதனால் பாட்டைக் கொடுத்தான் என்று எளிதாகக் கதை கட்டிவிடலாம். பல்லவர் ஆட்சி அணையும் நேரம் அது என்பது உண்மை. சோழன் முதலாம் ஆதித்தன் யானைமேல் பாய்ந்து அபராஜிதனைக் கொன்றதாக வீரராஜேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டு பேசுகிறது. ஆனால் அந்தக் கதைக்கு எதிரான சான்று திருத்தணிக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. வேலஞ்சேரி என்ற கிராமத்தில் 1977இல் இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் வெளிப்பட்டன. இரா. நாகசாமி அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். ஒன்று அபராஜிதனுடையது, திருத்தணி முருகனின் வழிபாட்டுக்கு அவன் அளித்த கொடையைச் சொல்வது. மற்றது ஆதித்தனின் மகன் பராந்தகனுடையது. இராமேசுவரத்திலும் கன்னியாகுமரியிலும் திருவரங்கத்திலும் அவன் துலாபாரம் கொடுத்ததைச் சொல்வது. ஆக, அபராஜிதன் அரச வழக்கப்படி நிலமும் கொடுத்தான். செப்பேட்டில் தன் குலப்பெருமையையும் எழுதச் செய்தான். அதற்கு மேலும் ஒரு காரியத்தை அவன் விரும்பிச் செய்திருக்கிறான். கொடை என்ற பெருமையில் இன்னொருவனுக்கும் பங்கு உண்டு என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறான். என் வாசிப்பில் அந்த வெண்பாவின் முக்கியத்துவம் இதுதான். பாட்டின் கவித்துவம் சாதாரணம்தான். அதைப் பாடியவன் நின்ற இடம் சாதாரணமல்ல.

வென்றவனின் மகனும் தோற்றவனும் விட்டுச்சென்ற ஏடுகள் ஒரே கிராமத்து மண்ணுக்குள் சேர்ந்து கிடந்ததைப் பற்றி ஒரு நாவலே எழுதலாம். அதை எழுத வேண்டியவர்கள் எழுதட்டும்.

கோமகன் குணம் கோமகன் அல்லாதவனிடம் வந்து சேருவதை அயர்லாந்தும் ஒரு கட்டத்தில் சட்டமாக்கியது. பழைய ஐரிஷ் சட்ட நூல்கள் ப்ரியுகு என்றொருவரைப் பற்றிப் பேசுகின்றன. பிறப்பால் பிரபு அல்லர். செல்வம் உள்ள குடியானவர். ஆனால் வருகிற எவருக்கும் இல்லையென்று சொல்லாமல் சோறு போடுவதால் சிற்றரசனுக்கு நிகரான மதிப்பைச் சட்டப்படி பெறுகிறார். அந்த மதிப்புக்கு அவர்கள் வைத்த பெயர் முகத்தின் விலை. ப்ரியுகுவின் கொப்பரை வற்றக் கூடாது, வீடு பொதுவழியை ஒட்டி இருக்க வேண்டும், எந்த முகத்தையும் மறுக்கக் கூடாது. ஒருமுறை மறுத்தால் தகுதி போயிற்று. நம்பி அப்பி யார், என்ன தொழில், எவ்வளவு சொத்து என்பதெல்லாம் அந்த வெண்பாவுக்கு வெளியே போய்விட்டன. ஆனால் அவர் திருத்தணியின் ப்ரியுகு என்று சொன்னால் பெரிய பிழை இருக்காது. ஐரிஷ் ப்ரியுகுவுக்கு மதிப்பைத் தந்தது சட்டம். இவருக்குத் தந்தது அரசனின் பாட்டு.

கோமகன் குணம் கீழிறங்கி வருவதற்கு இதைவிட அழகான சான்று புறநானூற்றில் இருக்கிறது. யானையும் பொருளுமாக வீடு திரும்பிய அதே பெருஞ்சித்திரனார் மனைவியிடம் பேசும் பாட்டு, 163ஆவது. சுற்றத்தாருக்குக் கொடு, நம் பசி தீரக் கடன் தந்தவர்களுக்குக் கொடு, இன்னாருக்கு என்று பார்க்காதே, என்னிடமும் கேட்காதே, நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணாதே, எல்லாருக்கும் கொடு என்கிறார். நேற்று வரை அடுப்பு எரியாத வீடு அது. குமணனிடமிருந்து அவர் பெற்று வந்தது பொருள் மட்டும் அல்ல. குமணனாக இருப்பது எப்படி என்பதையும் சேர்த்துப் பெற்று வந்து, அதை மனைவி கையில் கொடுக்கிறார். ஐரிஷ் உரிச்சொல்லுக்கு எனக்குத் தெரிந்த மிகச் சரியான உரை இந்தத் தமிழ்ப் பாட்டுதான்.

அயர்லாந்தில் அதன் பிறகு நடந்தது வேறு கதை. 1351 கிறிஸ்துமஸில் ஓ கெல்லி குலத் தலைவன் ஒருவன் நாட்டின் புலவர்களையெல்லாம் அழைத்து விருந்து வைத்தான். ‘கெல்லி வரவேற்பு’ என்ற வழக்கு இன்றும் உண்டு. அப்படிப்பட்ட தலைவர்கள் பதினேழாம் நூற்றாண்டில் இல்லாமல் போனார்கள். 1607இல் வடபுலத்துப் பிரபுக்கள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். நிலம் ஆங்கில நிலக்கிழார்கள் கைக்குப் போனது. புரவலர் போனபின் புலவர்கள் கூலி வேலைக்கு வந்தார்கள். 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு ஐரிஷ் மொழியே மேற்குக் கரையோரத்துக்கு ஒதுங்கியது. மக்கள் ஆங்கிலம் பேசத் தொடங்கினார்கள். பேசும்போது, ஆங்கிலத்தில் ஈடு கிடைக்காத சில சொற்களை மட்டும் பையில் போட்டு எடுத்து வந்தார்கள். ஃப்ளாஹூலக் அவற்றில் ஒன்று. அயர்லாந்து ஆங்கிலத்தைப் பற்றிப் பி.டபிள்யூ. ஜாய்ஸ் 1910இல் வெளியிட்ட நூலின் சொற்பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. விருந்தோம்பலுக்குப் பேர்பெற்ற பழைய தலைவர்களை நினைவூட்டியே அவர் விளக்கம் தருகிறார்.

தலைவர்கள் போய்விட்டதால் சொல் மதுக்கடைக்கு வந்தது. சம்பள நாளில் அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுப்பவன் இன்று அந்த உரிச்சொல்லுக்கு உரியவன். கல்யாணத்தில் இரண்டு பந்திக்கு இருக்க வேண்டிய இறைச்சியை ஒரே பந்தியில் பரிமாறுகிறவளும் அப்படியே. பாராட்டு அதில் உண்டு. கூடவே ஒரு சிறிய கிண்டலும் உண்டு. அந்தக் கிண்டல் முற்றும் இடம், ‘அடுத்தவர் பணத்தில்’ என்ற சொற்கள் பின்னால் ஒட்டிக்கொள்ளும் இடம். தேர்தல் நெருங்கும்போது அரசாங்கம் காசை வாரியிறைத்தால் அயர்லாந்து நாடாளுமன்றத்திலேயே இந்தச் சொல் எழும். அப்போது அது பாராட்டே அல்ல.

நமக்கு இது விளங்க உரை தேவையில்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவனையும், ஊரார் வீட்டு நெய்யைத் தன் பெண்டாட்டி கையால் ஊற்றச் சொல்கிறவனையும் பழமொழியிலேயே பிடித்துவைத்திருக்கிறோம். வள்ளல் என்ற சொல்லுக்கே இந்த நிலை வந்துவிட்டது. ‘பெரிய வள்ளல் பரம்பரை’ என்று இன்று ஒருவனைச் சொன்னால் அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் வரவில்லை என்று அர்த்தம்.

இன்னும் கூர்மையான உதாரணம் தாரை வார்த்தல். தானம் கொடுப்பவர் பெறுபவர் கையில் நீர் வார்த்துக் கொடுப்பது பழைய சடங்கு. நீர் வார்த்துக் கொடுத்தோம் என்ற தொடரைக் கல்வெட்டுகளில் அடிக்கடி காணலாம். நீர் விழுந்த பிறகு பொருளின் மேல் கொடுத்தவருக்கு உரிமை இல்லை. கன்னிகாதானத்தில் இன்றும் அது நடக்கிறது. ஆனால் செய்தித்தாளைத் திறந்தால் தாரை வார்ப்பது குற்றச்சாட்டு. கச்சத்தீவைத் தாரை வார்த்தார்கள், கனிம வளத்தைத் தாரை வார்க்கிறார்கள். கொடுப்பவன் தனக்கு உரிமை இல்லாததைக் கொடுக்கிறான் என்பது இங்கே உட்பொருள். தன் பொருளை நீர் வார்த்துக் கொடுத்தவனுக்கு உரிய புனிதச் சொல், ஊர்ப் பொருளை விட்டுக்கொடுத்தவனுக்கு உரிய வசையாகத் திரும்பிவிட்டது. ஐரிஷ் சொல்லும் இதே சரிவில்தான் இறங்கியது என்றாலும் பாதி வழியில் சிரித்துக்கொண்டு நின்றுவிட்டது. தமிழ்ச் சொல் கடைசி வரை போய்விட்டது.

எல்லையோர ஊர் என்பதால் திருத்தணிக்கு இந்தச் சொற்கள் வேறொரு விதத்திலும் பரிச்சயம். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம், நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரை, 1959ஆம் ஆண்டுச் சட்டம் என்று நடந்து 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கோடு மாறினாலும் வீடுகளில் பேச்சு மாறவில்லை. இங்கே பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தெலுங்குக் குடும்பத்தவர். ஆடிக் கிருத்திகைக்கு நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வரும் காவடிகளோடு தெலுங்கும் மலையேறுகிறது. படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு மொழியிலும் தருமம் கேட்பார்கள். தருமம் இரண்டிலும் தருமம்தான். மலைமேல் அன்னதானமும் இரண்டு மொழிக்கும் பொது; 2021இல் நாள் முழுதும் சோறு போடும் திட்டம் இந்தக் கோயிலுக்கும் விரிந்தது. ஒரு நாள் அன்னதானத்துக்குப் பணம் கட்ட யாரும் நம்பி அப்பியாக இருக்க வேண்டியதில்லை, ரசீது வாங்கினால் போதும். எந்தத் தமிழ்க் கோயிலிலும் மின்விசிறி இறக்கையிலும் குழல்விளக்குப் பட்டையிலும் ‘உபயம்’ என்று பெயர் எழுதியிருப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி அல்ல. தமக்காக வெண்பா பாட அரசர் இல்லாதவர்கள் தம் பெயரைத் தாமே எழுதிக்கொள்கிறார்கள்.

தாராளம் என்ற சொல்லுக்கும் இரு மொழியிலும் வீடு உண்டு. தாரை என்ற ஒழுக்கோடு உறவுடையது. தடையில்லாமல் ஓடி வருவது என்ற படிமம் உள்ளே இருக்கிறது. தெலுங்கில் ஒருவர் தாராளமாகப் பேசுகிறார் என்றால் தங்குதடையின்றிப் பேசுகிறார் என்பது முதல் பொருள். தமிழில் அந்த ஓட்டம் நாக்கை விட்டுக் கைக்கு வந்துவிட்டது: தாராளமான கை, தாராள மனசு. எனவே தெலுங்கர் ஒருவர் ‘அவர் தாராளம்’ என்று சொல்ல, தமிழர் அவரிடம் நன்கொடைச் சீட்டை நீட்டும் வாய்ப்பு இந்த ஊரில் இல்லாமல் இல்லை.

அன்றாடப் பேச்சில் தாராளத்துக்கு இன்னொரு வேலையும் கிடைத்திருக்கிறது. திருப்பதிப் பேருந்தில் மூன்று பேர் இருக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘அண்ணே, இங்க உக்காரலாமா?’ என்று ஒருவர் கேட்கிறார். ‘தாராளமா உக்காருங்க’ என்று பதில் வருகிறது. இருக்கை அவருடையதல்ல, போக்குவரத்துக் கழகத்துடையது. கேட்டவரும் சீட்டு வாங்கித்தான் ஏறியிருக்கிறார். சொன்னவர் இரண்டு அங்குலம் ஜன்னல் பக்கம் நகர்ந்து, மடியிலிருந்த பிரசாதப் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.